திருப்பிப் போட்ட இசைத்தட்டு

தன்னைப் பற்றிப் பத்திரிகையில் முழுசாக இரண்டு பக்கம் வந்திருக்கிறது என்று தெரிந்த நேரத்தில், சின்னவள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கிப்போன ஒருவரிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்தான் சார்" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் இன்னும் வந்தே சேரவில்லை. கூட வேலை பார்க்கும் நர்ஸ் வாரப் பத்திரிகையை விரித்தபடி ஓடிவந்து, "ஏய், இது நீதானே? உன் ஆல்பம்தானே?" என்று கத்தினாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் வலியைக் கொஞ்சம் மறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னவள் பத்திரிகையை வாங்கி, எழுதியவர் பெயரைத்தான் முதலில் பார்த்தாள். எழுதியவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'பாம்புக்காது' என்ற புனைபெயரில் வாராவாரம் எழுதுகிறவர். தாளம் அரை மூச்சு பிந்தினால் போதும், பாடியவரை உரித்துத் தொங்கவிட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் அவளுடைய 'நாலு முனை'யைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தார். முதல் பத்தியைப் படித்தபோது மனசு ஆகாயத்தில் பறந்தது. இரண்டாவது பத்தியில் தரைக்கு வந்தது. மூன்றாவது பத்தியில் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டு, "ஐயையோ, இந்த மனுஷன் தட்டைத் திருப்பிப் போட்டுட்டாரே!" என்றாள்.

விஷயத்தை விளக்கமாகச் சொல்லிவிடலாம். 'நாலு முனை' என்பது எட்டுப் பாட்டுகள் கொண்ட இசைத்தட்டு. எட்டும் சேர்ந்து ஒரே கதை. கதை நடக்கும் இடம் ஒரு சலவை ஆலை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற பெரிய ஆலை. அங்கே ஒரு விரிப்புக்கு இரண்டு பெண்கள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் விட்டு எடுத்து, உதறி, எதிரெதிரே நடந்துவந்து மடிக்க வேண்டும். எதிரே நிற்பவளை 'எதிர்முனை' என்றுதான் கூப்பிடுவார்கள். "என் எதிர்முனை இன்னைக்கு லீவு" என்பார்கள். சின்னவளின் அக்கா அந்த ஆலையில்தான் வேலை பார்க்கிறாள். பாட்டில் வரும் பெண்ணும் அக்காதான்.

தட்டின் முதல் பக்கத்தில் ஆலைக்குள் வேலை. மணி அடிக்கிறது, விரிப்புகள் வருகின்றன, உருளை கையைச் சுடுகிறது. கையுறை கேட்கிறார்கள், முதலாளி மாட்டேன் என்கிறான், எல்லாரும் ஒரே குரலில் பாடிக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே வருகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் வேலியோரம் காத்திருப்பு, மழை, பட்டினி, உருப்படாத பேச்சுவார்த்தை. கடைசிப் பாட்டின் பெயர் 'கேட்'. அதில் ஒரே ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக உள்ளே நடக்கிறாள். செருப்புச் சத்தம், அடியில் அழுகிற மாதிரி வயலின், அப்புறம் மெஷின் ஓடத் தொடங்குகிற சத்தம். அவ்வளவுதான், தட்டு முடிந்தது. நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. அந்த வேலைநிறுத்தத்தை நடத்தியவளும் அக்காதான், முதலில் திரும்பிப் போனவளும் அக்காதான். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சின்னவள் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்று அதைத் தன் கண்ணால் பார்த்தாள்.

பாம்புக்காது இரண்டாம் பக்கத்தை முதலில் கேட்டிருக்கிறார். அவர் எழுதியிருந்தது இது:

"யாரென்று தெரியாத பெண்கள் மழையில் ஒரு வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். இதைவிடத் துணிச்சலான தொடக்கத்தை நான் கேட்டதில்லை. அவர்களில் ஒருத்தி தன்னந்தனியாக உள்ளே போகிறாள். எதற்கு? தட்டைத் திருப்பினால் விடை கிடைக்கிறது. உள்ளே இருப்பவர்களை வெளியே அழைத்துவரப் போயிருக்கிறாள். வெள்ளை விரிப்பு இங்கே துணி அல்ல, நம் எல்லார் மேலும் போர்த்தியிருக்கும் மௌனம். அதன் நாலு முனையையும் பிடித்திருப்பவர்கள் ஒரே நேரத்தில் கையை விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஆல்பம் கேட்கிற கேள்வி. கடைசிப் பாட்டில் கேட் திறக்கிறது, எல்லாரும் வெளியே வருகிறார்கள். கேட்டு முடித்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்."

சின்னவள் இதை நாலு தடவை படித்தாள். கன்னம் வீங்கியவர் அஞ்சு நிமிஷத்தை நினைவுபடுத்தினார். அவள் காதில் விழவில்லை.

அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போனாள். பாம்புக்காதின் அறையில் உட்கார நாற்காலி இருந்தது. நாற்காலி மேல் இசைத்தட்டுகள், ஜன்னல் மேடையில் இசைத்தட்டுகள், அவற்றின் மேல் குடித்த காபிக் கோப்பைகள். மனிதர் ஒல்லியாக, நரைத்த தலையோடு, பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் போல இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்று கையைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். அவள் சொல்லச் சொல்ல அந்தக் கை தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாதிரித் தட்டுதானேம்மா அனுப்பினாங்க? நடுவுல வெறும் வெள்ளைத் தாள். ரெண்டு பக்கமும் ஒண்ணும் அச்சடிக்கல."

"ஆமா சார், மாதிரித் தட்டு அப்படித்தான் வரும். ஆனா தாளுக்குப் பக்கத்துல, பாட்டு முடியிற இடத்துல, சின்னதா கீறியிருப்பாங்களே. முதல் பக்கத்துக்கு ஒரு கோடு, ரெண்டாவதுக்கு ரெண்டு கோடு."

"தெரியும். இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அதைப் பாக்கிறதே இல்ல. எது முதல் பாட்டுன்னு என் காதே சொல்லும்னு ஒரு திமிரு. ரெண்டு பக்கத்தையும் வச்சுப் பாத்தேன். மழைச் சத்தத்துல மெதுவா ஆரம்பிச்சது பாருங்க, இதுதான் தொடக்கம்னு காது சொல்லிடுச்சு."

பெயர் பாம்புக்காது! சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "இப்ப என்ன சார் பண்றது?"

"திருத்தம் எழுதறேன். மானம் போகும், போகட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போட்ட வரிசையில கேட்டா என்ன மிஞ்சுது? போராடினாங்க, தோத்தாங்க, திரும்பிப் போனாங்க. அது எல்லா ஊர்லயும் நடக்கிறது, எல்லாருக்கும் தெரியும். என் வரிசையில கேட்டா மனசுல ஒரு தெம்பு வருதே. ஒரு பாட்டு வெளிய வந்துட்டா அதுக்கு நீங்க மட்டுமா சொந்தக்காரங்க? ஒரே ஒரு தடவை நான் கேட்ட மாதிரி கேட்டுப் பாருங்களேன்."

அவள் கேட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. ஜன்னல் மேடையில் இருந்த கோப்பைகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கேட்டாள். மழை, வேலி, தனியாக ஒருத்தி, மெஷின். தட்டைத் திருப்பினார். மணி, விரிப்பு, கொப்புளம், அப்புறம் அத்தனை குரல்களும் சேர்ந்து கேட்டைத் தாண்டுகிற அந்தக் கடைசிப் பாட்டு. ஆறு வருஷம் உட்கார்ந்து அவளே கட்டிய பாட்டுகள்தான். ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடக் கடவுளே, இது நான் செய்ததைவிட நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள். கடிந்துகொண்டும் அந்த நினைப்பு போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இசைத்தட்டுக் கம்பெனிக்காரரிடமிருந்து போன் வந்தது. சின்னக் கம்பெனி, பெரிய வாய். அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் 'ம்' கொட்டத்தான் இடம் இருக்கும்.

"அம்மா தாயே, எங்க இருந்தீங்க? காலையில இருந்து கடைக்காரங்க போன் மேல போன். அந்த வெளிய வர்ற பாட்டுல முடியிற தட்டு எப்ப வருதுன்னு கேக்கறாங்க. நான் விஷயத்தக் கேள்விப்பட்டேன், பாம்புக்காது போன் பண்ணினாரு. கவலையே படாதீங்க. அச்சுக்கு இன்னும் போகல. ரெண்டு பக்கத்துக்கும் பேர மாத்திப் போட்டா முடிஞ்சுது. ஒரு பாட்டு தொட வேணாம், ஒரு வரி தொட வேணாம். ரெண்டே ரெண்டு வட்டத் தாளு!"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"யோசிங்க யோசிங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள யோசிங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? இதற்கு முன் அவள் போட்ட இரண்டு தட்டுகளையும் சொந்தக்காரர்களும் பல் டாக்டரும்தான் வாங்கினார்கள். டாக்டர் அதைக் கேட்டாரா என்பது இன்றுவரை சந்தேகம். இப்போது முதல் தடவையாக முன்பின் தெரியாத மனிதர்கள் அவள் பாட்டைக் கேட்டு எழுந்து நிற்கத் தயாராக இருக்கிறார்கள். மாற்ற வேண்டியது வட்டத் தாள்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாதி மனசுக்கு மேல் சரி என்று சொல்லிவிட்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் சூழ்நிலை சரியில்லை. அக்காவின் கணவர், அதாவது மாமா, பார்சல் வண்டி ஓட்டுகிறவர், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர், சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சின்னவளைப் பார்த்ததும் கண்ணாலேயே மாடியைக் காட்டினார்.

"உங்க அக்கா மேல இருக்கா. துணி எடுக்கப் போனவ இன்னும் வரல. மூக்கு மேல கோபம். நான் வாயைத் திறந்து மாட்டிக்கிட்டேன், நீயாவது பாத்துப் பேசு."

"என்ன மாமா ஆச்சு?"

"ஆலையில சாப்பாட்டு ரூம்ல யாரோ அந்தப் பத்திரிகையச் சத்தமா படிச்சிருக்காங்க. 'ஒருத்தி உள்ள போய் எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்தா'ன்னு. எல்லாரும் இவளையே பாத்திருக்காங்க. அவ பழைய எதிர்முனை சாப்பாட்டுத் தட்டோட எழுந்து வெளிய போயிட்டாளாம்."

அந்த எதிர்முனைக்காரியைச் சின்னவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் அக்காவும் அவளும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். வேலைநிறுத்தம் முடிந்த வாரமே அவள் மேஸ்திரியிடம் போய், "எனக்கு வேற ஆளோட ஜோடி போடுங்க" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே கூரைக்கு அடியில் தினமும் பார்த்துக்கொண்டு, பேசாமல் இத்தனை வருஷம்.

மாடியில் அக்கா கொடிக்கயிற்றிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்க்காமலே, "பிடி" என்றாள். சின்னவள் இரண்டு முனைகளைப் பிடித்தாள். "இழுத்துப் பிடி. உனக்கு இந்த வேலை எந்தக் காலத்துல வரப்போகுது?"

"அக்கா, அந்த ஆளு தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டுட்டாருக்கா. தப்பா எழுதிட்டாரு."

"தெரியுது. நாங்க ஜெயிச்சோமாம்!" அக்கா விரிப்பை உதறிய உதறலில் சின்னவளின் கையிலிருந்து ஒரு முனை பிய்த்துக்கொண்டு போயிற்று. "அவளுக எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாளுக. நான் போய் வீட்ல சொல்லி, தங்கச்சி எழுதி, பேப்பர்ல போட்டுக்கிட்டோம்னு நினைச்சிருப்பாளுக. நாளைக்கு நான் அந்த ரூம்ல எப்படி உக்காந்து சாப்பிடுவேன்?"

"திருத்தம் போடறேன்னு சொல்லியிருக்காரு." சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். மறைத்துப் பழக்கமில்லாதவள், அதனால் கொட்டிவிட்டாள். "ஆனா கம்பெனிக்காரர் அந்த வரிசையிலயே தட்டைப் போடலாங்கறாரு. நல்லா விக்குமாம். எனக்குமே... கேட்டா நல்லாத்தான் இருக்குக்கா. அதுல நீ தோக்கல."

அக்கா விரிப்போடு நின்றாள். நல்ல வெயில், விரிப்பின் வெள்ளையில் கண் கூசியது. திட்டப் போகிறாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அக்கா திட்டவில்லை.

"உன் வரிசையில மட்டும் நான் தோத்தேனா?"

"அக்கா..."

"நீ பாடிக் காட்டினப்பவே கேக்கணும்னு நினைச்சேன். 'தலை குனிஞ்சு போனா'ன்னு எழுதியிருக்கியே, யாரு சொன்னது உனக்கு?"

"நான் பாத்தேன்க்கா. எதிர் பஸ் ஸ்டாப்புல நின்னு பாத்தேன். நீ தலையே நிமிரல."

"ஏண்டி, முந்தின நாள் பூரா மழை. கேட் வாசல்ல கணுக்கால் சேறு. வானத்தப் பாத்துக்கிட்டு நடந்தா மல்லாக்க விழ மாட்டேன்? கீழ பாத்து நடந்ததுக்குப் பேரு தோல்வியா?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்காததைப் பார்த்ததும் அடங்கியது. அந்தக் குனிந்த தலைக்காக அவள் எத்தனை வரி எழுதி எழுதி அடித்தாள்! முதலாளித்துவம், கழுத்து, நுகத்தடி, என்னென்னவோ. கடைசியில் சேறு.

"அப்புறம் என்ன பாத்த?" என்று கேட்டாள் அக்கா.

"உடனே பஸ் வந்துடுச்சு. ஏறிட்டேன்."

"அதான். பஸ் வந்துடுச்சு, உன் பாட்டும் முடிஞ்சுடுச்சு." அக்கா முனையோடு முனை சேர்த்துக்கொண்டு தங்கையை நோக்கி நடந்து வந்தாள். குரல் தணிந்திருந்தது. "கேளு. உள்ள போயிடணும்னு எங்க எல்லாருக்குமே இருந்துச்சு. ஒருத்தி வீட்ல பிள்ளைக்குப் பால் இல்ல. ஒருத்திய வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டான். இனிமே அந்த ஆளு இறங்கி வரமாட்டான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆனா முதல் ஆளா யாரு போறது? முதல்ல போற ஒண்ணு ரெண்டு பேருக்குத்தானே துரோகின்னு பேரு. கூட்டமா போறவங்களுக்குப் பேரே கிடையாது. அதனால ஒருத்தியும் அசையல. ஒருத்தி முகத்த ஒருத்தி பாக்காம, எல்லாரும் கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நான்தான வெளிய கூட்டிட்டு வந்தேன்? நான்தான உள்ளயும் கூட்டிட்டுப் போகணும்? எந்திரிச்சேன், நடந்தேன்."

"எல்லாரும் வந்தாங்களா?"

"வந்தாங்க. நான் திரும்பிப் பாக்கல. பாத்தா வெக்கப்பட்டு நின்னுடுவாங்க. அன்னைக்கு மத்தியானமே ஏச ஆரம்பிச்சாங்க. இப்ப யார வேணா கேட்டுப் பாரு, 'நான்தான் கடைசியா உள்ள வந்தேன்'னு சத்தியம் பண்ணுவாங்க. அத்தனை பேரும் கடைசி!" அக்கா இப்போதுதான் லேசாகச் சிரித்தாள். "ஏசட்டும்னு விட்டேன். என்னை ஏசினாத்தான் அவங்களுக்குச் சோறு இறங்கும். அடுத்த வருஷம் கையுறையும் வந்துச்சு. அது தன் தயவுன்னு முதலாளி சொல்லிக்கிட்டான், அது வேற கதை."

ஆறு வருஷம். ஒரு விரிப்பு உருளைக்குள் போகிற சத்தத்தைப் பிடிக்கச் சின்னவள் மாசக் கணக்கில் அலைந்திருக்கிறாள். அக்காவைப் பற்றி எட்டுப் பாட்டு எழுதியவள், இதே வீட்டில் ஒரு நாளாவது அக்காவை உட்காரவைத்துக் கேட்கவில்லை. பாம்புக்காதுக்குக் காது மேல் திமிர் என்றால், இவளுக்குக் கண் மேல். வெட்கமாக இருந்தது. அதை அப்படியே சொன்னாள்: "எனக்கு அசிங்கமா இருக்குக்கா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் ஏன் சொல்ற?"

அக்கா மடித்த விரிப்பைத் தங்கையின் கையில் வைத்தாள். "தோத்தேன்னு சொன்னப்போ பொறுத்துக்கிட்டேன். ஜெயிச்சேன்னு சொன்னா பொறுக்க முடியல. அது நடக்காத விஷயம். நடந்ததையும் எடுத்துட்டு நடக்காதத எனக்குக் கொடுத்தா, நான் அத வச்சுக்கிட்டு என்னடி பண்ணுவேன்?"

சின்னவள் அன்றைக்கே கம்பெனிக்காரருக்குப் போன் செய்தாள். வரிசை மாறாது என்றாள். கடைசிப் பாட்டை மட்டும் மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்றாள். அவர் கத்தினார், கெஞ்சினார், தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது. அவள் மசியவில்லை.

'கேட்' பாட்டிலிருந்து வயலினை எடுத்தாள். தலை குனிந்த வரிகளை எடுத்தாள். மெதுவாக இழுத்து இழுத்து நடந்த செருப்புச் சத்தத்தை எடுத்துவிட்டு, சேற்றில் விறுவிறுவென்று நடக்கிற சத்தமாக மாற்றினாள். பின்னாலேயே மற்றவர்களின் காலடிகளும் வருகிற மாதிரி வைக்கலாம் என்று அவளுக்கு ஆசை. அக்காவிடம் கேட்டாள். இந்தத் தடவை கேட்டாள்.

"அதப் போடாத" என்றாள் அக்கா. "நான் நடந்தத மட்டும் போடு. அவங்கவங்க நடந்தத அவங்கவங்க சொல்லணும்னா சொல்லட்டும்."

பாம்புக்காது சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரம் 'நான் தட்டைத் திருப்பிப் போட்டேன்' என்று தலைப்புப் போட்டு, தன் காதைத் தானே பிடித்துத் திருகிக்கொண்டார். வாசகர்கள் அவரை ஒரு மாதம் ஓட்டித் தள்ளினார்கள். புதிய 'கேட்' பாட்டைக் கேட்டுவிட்டு அவர் அவளுக்குப் போன் செய்தார். "இந்த நடை எனக்குப் புரியல. சோகமும் இல்ல, வீரமும் இல்ல. ஆனா மறக்க முடியல" என்றார். அவள் விளக்கம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கடைக்காரர்களில் பாதிப் பேர் தட்டு வேண்டாம் என்றார்கள். மீதிப் பாதி வாங்கினார்கள். பல் டாக்டர் இரண்டு வாங்கினார்.

தட்டு வெளிவந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. மாமா கதவைத் திறந்தார். திறந்தவர் சட்டென்று ஒதுங்கி வழி விட்டார். எதிர்முனைக்காரி நின்றுகொண்டிருந்தாள். கையில் 'நாலு முனை', பிரிக்காமல் அப்படியே.

அவள் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. நேரே சின்னவளிடம் நீட்டினாள். "காசு கொடுத்து வாங்கிட்டேன். எங்க வீட்ல இதப் போட்டுக் கேக்க மெஷின் இல்ல. போடு, கேக்கறேன்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கேட்டது. அக்கா வெளியே வரவில்லை.

சின்னவள் தட்டை எடுத்து, முதல் பக்கம்தானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போட்டாள். எதிர்முனைக்காரி நாற்காலியின் நுனியில், மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தபோது அவள் தோள் தன்னால் நிமிர்ந்தது. விரிப்பு உதறுகிற சத்தத்துக்கு அவள் விரல்கள் பையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டன. எல்லாரும் வெளியே வருகிற பாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டைத் திருப்பியதும் முகம் இறுகிவிட்டது. மழை வந்தது, பட்டினி வந்தது, பேச்சுவார்த்தை வந்து போயிற்று. மாமா மூச்சுவிடவும் பயந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

கடைசிப் பாட்டு. சேற்றில் ஒரு ஜோடிச் செருப்பு விறுவிறுவென்று நடந்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் எதிர்முனைக்காரி.

"அவ்வளவுதாங்க."

"ஒரு ஆளு நடக்கிற சத்தம்தானே இருக்கு?" அவள் எழுந்துவிட்டாள். சமையலறைக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசினாள். "அடுத்த ஆளு எங்க? அவ நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள பின்னாடியே ஒருத்தி எந்திரிச்சு வந்தாளே, அவள ஏன் விட்டுட்ட? கடைசியா வந்தேன் கடைசியா வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ரெண்டாவதா போனது நான்தான். நான்தான்மா போனேன்!"

சமையலறைக் குழாய் மூடப்பட்டது. அக்கா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் திரும்பியே பாக்கலயே?"

"தினம் தினம் எனக்கு எதிர்ல நடந்து வந்தவ நீ. உன் நடை எனக்குத் தெரியாதா?"

எதிர்முனைக்காரி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "தெரிஞ்சுமா இத்தனை வருஷமா சும்மா இருந்த? நான் உன்னை எவ்வளவு கேவலமா பேசினேன். அப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாம்ல, இவளும்தான் என் பின்னாடியே வந்தான்னு?"

"சொன்னா உன்னையும்ல ஏசியிருப்பாங்க" என்றாள் அக்கா.

எதிர்முனைக்காரி அக்காவின் ஈரக் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.